நீலச்சேலைப் பொம்மை

போர்டு கேம் பெட்டியில் வந்த விரலளவு சூனியக்காரி பொம்மைக்கு முதல்முறையாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பெயிண்டில் கலந்த தின்னரின் வாசனை என்னைப் பழைய சூலூர் வீட்டுக்கு இழுத்துப் போனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தறி ஓட்டிய அப்பா ஞாயிறுதோறும் கோவை உக்கடம் போய், இதே வாசனையோடு திரும்புவார்.

"யாரு ஊட்டுக்குங்க போயிட்டு வாரீங்க?" என்று ஒருநாள் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

அப்பா பையிலிருந்து ஒரு களிமண் பொம்மையை எடுத்தார். "பொம்மை விக்கிற பாய்கிட்ட பெயிண்ட் அடிக்கப் பழகறேன். இது நீதான் அம்மணி."

நீலச்சேலை கட்டிய பெண் பொம்மை. அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அம்மாவுக்கு மச்சமே கிடையாது.

"அப்ப இது யாருங்க?"

அப்பா பொம்மையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த ஆடி முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை. அதன்பின் அவர் உக்கடம் போகவும் இல்லை.

இப்போது பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த அப்பாவிடம் போனேன். "அந்தப் பொம்மை யாருங்கப்பா?"

"உங்கம்மாதான் கண்ணு. பழகாத கை, பிரஷ் நழுவிருச்சு. சொன்னா நம்பியிருப்பாளா?"

தலையாட்டிவிட்டு வந்தேன். என் சூனியக்காரியின் முகத்திலும் பிரஷ் நழுவித்தான் இருந்தது. ஆனால் அது கோணல் கோடாக இழுத்திருந்தது. அப்பா வைத்த மச்சம் அத்தனை வட்டம்.