துணியில் நின்றவை

கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினான் என் தம்பி. தூசி என்று நினைத்தேன். தூசி நீந்தியது. தத்தித் தத்திப் போனவை பாசி தின்னும் பூச்சிகள், சாது. நின்று நின்று சட்டென்று பாய்ந்தவை வேட்டைக்காரர்கள். தம்மைவிடச் சிறியதைப் பிடித்துத் தின்னும். அன்று பொரித்த மீன்குஞ்சு கிடைத்தால் அதையும் விடாது.

சடையங்குப்பத்து வீட்டின் பின்னால் சிமெண்ட் தொட்டிகளில் அவன் வண்ணமீன் வளர்த்தான். அதற்கு முன் செய்தது, ஆலைகளில் ரசாயனத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் ஒப்பந்த வேலை. "இந்தக் குஞ்சுங்க பொழச்சிக்கினா நான் இனிமே அந்தத் தொட்டில எறங்க மாட்டேன் அண்ணாத்த" என்றான். எட்டாவதோடு படிப்பை விட்டு லாரியில் ஊர் ஊராகச் சுற்றிய நான், அந்த வாரம்தான் அங்கே வந்து விழுந்திருந்தேன். பிள்ளை பெற்ற மனைவியை முகத்துவாரக்குப்பத்திலிருந்து அழைத்துவர அவன் கிளம்பினான்.

"கொளத்துத் தண்ணிய வடிகட்னா, துணில நிக்கிறது பெரிய மீனுக்கு. கீய எறங்குற தண்ணி குஞ்சுக்கு. மாத்திட்டு பேஜார் பண்ணாத."

"இன்னாடா, எனக்குக் கண்ணு தெரியாதா?"

"கண்ணு தெரியும். காதுதான் கேக்காது."

மறுநாள் காலையில் வடிகட்டினேன். கீழே இறங்கிய தண்ணீர் வெறுமையாகத் தெரிந்தது. பட்டினி கிடந்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத சோற்றைக் குஞ்சுகளுக்குப் போட மனம் வரவில்லை. துணியில் கொழுத்து நெளிந்ததை அள்ளி அவற்றின் தொட்டியில் விட்டேன், வயிறாரத் தின்னட்டும் என்று. மாலையில் தொட்டி அடியெல்லாம் குஞ்சுகள் வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்த ஒன்றிரண்டின் வாலில் பூச்சிகள் தொங்கின.

அடுத்த நாள் மனைவி, பிள்ளையோடு திரும்பிய தம்பி தொட்டியைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். "சாப்ட்டியா?" என்றான். நான் அன்றே லாரி ஏறிவிட்டேன். ஒரு வாரத்தில் அவன் பழைய வேலைக்குப் போனான். மூன்றாம் மாதம் தொட்டிக்குள் இறங்கியவன் மூச்சடைத்துச் செத்தான். சேதி கிடைத்து நான் வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

இந்தப் பக்கம் சரக்கு வரும்போதெல்லாம் இப்போது அங்கே இறங்குகிறேன். குழந்தை நடக்கிறது. போன மாதம் தம்பி மனைவி சோறு போட்டபடி சொன்னாள்: "என்னைக் கூப்ட வர்ற அவசரத்துல பூச்சிய மாத்திப் போட்டுட்டேன்னு அவரு சொன்னாரு, மாமா. நான் அம்மா வூட்லயே இன்னும் நாலு நாள் இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"இன்னா மாமா, உப்பு பத்தலயா?"

போதும் என்றேன்.