படிக்கட்டுக்குக் கீழே வந்து சேர்ந்த நடுக்கம்

கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்றால் தெரியும். லிஃப்டில் கோளாறு என்று போன் வந்தால் மற்ற மெக்கானிக்குகள் நேரே மேலே மெஷின் ரூமுக்கு ஓடுவார்கள். இவர் லிஃப்டுக்குள் நுழைந்து, பக்கச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, காதையும் வைத்துக்கொண்டு, கடைசி மாடிவரை ஏறி இறங்குவார். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தண்டவாளத்துல ஒரு ஜாயின்ட் தூக்கிக்கிட்டு நிக்குது" என்பார். போய்ப் பார்த்தால் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை காய்கறிப் பையோடு ஏறிய அம்மாள் ஒருவர், கண்ணை மூடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் இவரைப் பார்த்துப் பதறி, "என்னப்பா, நெஞ்சு வலிக்குதா?" என்று வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டார். மறுக்க மனமில்லாமல் இவரும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

பத்தொன்பது வயதில் கிரீஸ் டப்பா தூக்கப் போனவர். இப்போது ஐம்பத்திரண்டு. வாடகைக்கு எடுத்த கீழ்த்தள வீடு. மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. கடல் தாண்டி ஒரே ஒரு தங்கை. நாற்பத்தைந்து வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. அவள் வாழும் ஊரில் வருடத்துக்கு நாலைந்து முறையாவது நிலம் ஆடும்.

காதுக்காரருக்கு அந்த விஷயத்தில் தங்கைமேல் கொஞ்சம் பொறாமை என்றே சொல்ல வேண்டும்.

"எப்படித்தான் இருக்கும் பாப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"எப்படின்னு சொல்றது அண்ணா? ரோட்டோரம் நிக்கும்போது பெரிய லாரி போனா காலுக்கடியில ஒரு நடுக்கம் வருமில்ல? லாரி போகவே மாட்டேங்குதுன்னு வச்சுக்கோ."

கம்பி வடம் நடுங்குவதையும் சக்கரம் நடுங்குவதையும் முப்பத்துமூன்று வருடம் தொட்டுப் பார்த்தாயிற்று. பூமி நடுங்குவதை மட்டும் தொட்டதில்லை. இவர் இருந்த ஊரில் அது கல்லுப்போலக் கிடந்தது. யாரோ சொல்லக் கேட்டு, நில அதிர்வைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றை வரவழைத்தார். கைக்கு அடக்கமான உருளை. உள்ளே கம்பிச் சுருள் நடுவே சுருள்வில்லில் தொங்கும் ஒரு காந்தம். பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினி. செருப்பு ஸ்டாண்டை அப்புறப்படுத்திவிட்டு, மாடிப்படிக்குக் கீழே தரையில் போல்ட் போட்டு இறுக்கினார்.

கணினித் திரையில் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. வாஷிங் மெஷின் சுற்றினால் கோடு தடித்தது. குப்பை வண்டி வந்தால் பொங்கியது. மனைவி நடந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள்.

"ஏங்க, நான் எத்தனை தடவை சமையலறைக்கும் கூடத்துக்கும் அலையறேன்னு இப்பவாவது எண்ணிப் பாருங்க" என்றாள் அவள்.

"எனக்கும் காட்டேன்" என்று கேட்டாள் தங்கை. கருவிக்குள்ளேயே ஒரு இணையப் பக்கம் இருந்தது. வீட்டுக்குள் எந்த போனிலும் அது திறந்தது. வெளியிலிருந்து திறக்க வேண்டுமென்றால் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய வேண்டும் என்று படித்தார். விஷயம் இவ்வளவுதான்: வெளியிலிருந்து இன்ன எண்ணைக் கேட்டு யாராவது வந்தால், வீட்டுக்குள் இன்ன கருவியிடம் அனுப்பிவிடு என்று ரூட்டருக்கு எழுதிவைப்பது. ஒரு செவ்வாய்க்கிழமை, வார விடுமுறையில், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதினார். பொத்தானை அழுத்தினார். தங்கைக்குப் போன் போட்டார்.

"வரல அண்ணா. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாதபோது, நன்றாக ஓடும் இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக வெளியே நகர வேண்டும். அப்படியே செய்தார். முதலில் கருவி. வீட்டுக்குள் ரூட்டர் அதற்குக் கொடுத்திருந்த எண்ணைப் பார்த்தால், ஏழு என்று இவர் போன வாரம் குறித்துவைத்திருந்தது இப்போது பன்னிரண்டாக மாறிக் கிடந்தது. முந்தின நாள் கரண்ட் போய் வந்தபோது ரூட்டர் எல்லாருக்கும் எண்ணை மாற்றிப் பங்கு போட்டிருக்கிறது. ஏழு இப்போது பிரிண்டருக்கு. தங்கை இவ்வளவு நேரமும் பிரிண்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! கருவிக்கு ஏழை நிரந்தரமாக ஒதுக்கி, மறுபடி தொடங்கினார்.

வரவில்லை.

அடுத்த செவ்வாய், வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு, வெளியுலகம் வீட்டைக் கூப்பிடும் வெளிமுகவரியைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. சில ரூட்டர்கள், உள்ளே இருப்பவன் வெளியே போய்த் தன் வீட்டுக் கதவையே தட்டினால் கண்டுகொள்ளாது என்று எங்கோ படித்ததும் தலையில் அடித்துக்கொண்டு, போனில் வைஃபையை அணைத்து, தெருமுனைவரை நடந்து, மொபைல் டேட்டாவில் பார்த்தார். அதிலும் வட்டம்தான் சுற்றியது.

மூன்றாவது செவ்வாய்தான் அது கண்ணில் பட்டது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரி என்று ஒரு எண் இருந்தது. 'என் முகவரி என்ன' என்று கேட்டால் சொல்லும் இணையதளம் வேறொரு எண்ணைச் சொன்னது. இரண்டு காகிதத்தில் இரண்டையும் எழுதி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இன்னொரு கதவு இருக்கிறது. அது யாருடையது?

"நெட் கம்பெனிக்குப் போன் போடுங்க" என்றாள் மனைவி.

"போட்டேன். ரூட்டரை அணைச்சுப் போடச் சொல்றான். மூணு தடவை."

"இங்க குடுங்க."

பன்னிரண்டு வருடமாக மறுமுனையில் உட்கார்ந்திருப்பவள் அவள். போன் காதுக்குப் போனதுமே குரல் மாறிவிட்டது. "தம்பி, வணக்கம். நீங்க இப்ப ரூட்டரை அணைச்சுப் போடச் சொல்லப் போறீங்க. போட்டாச்சு. அடுத்தது வயரைப் பிடுங்கி மாட்டணும். மாட்டியாச்சு. நானும் இதே வேலைதான்ப்பா, எங்களுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு. லிஸ்ட் முடிஞ்சா யாருக்குக் குடுப்பீங்களோ, அவருக்குக் குடுங்க. உங்கமேல புகாரே இல்ல, நல்லாத்தான் பேசுறீங்க."

நாலே நிமிடத்தில் ஒரு இன்ஜினியர் பேசினார். காதுக்காரர் இரண்டு எண்களையும் வாசித்தார்.

"புரிஞ்சுது சார். உங்க ரூட்டருக்கு நாங்க குடுத்திருக்கறது எங்களுக்கு உள்ளேயே செல்லுற முகவரி. உங்க பகுதியில எழுநூறு வீடு ஒரே வெளிமுகவரியிலதான் போகுது, வருது."

"அப்ப என் தங்கச்சி தட்டுறது?"

"எங்க பெட்டியில தட்டுறாங்க. எழுநூறுல எந்த வீட்டுக்குன்னு அதுக்குத் தெரியாது. கீழ போட்டுடும்."

காதுக்காரர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். எழுநூறு வீடு. அத்தனை வீட்டுப் படமும் பாட்டும், பரீட்சை முடிவும், புருஷன் பெண்டாட்டி சண்டையும் ஒரே வாசலில் நொடிக்கு நொடி போய் வருகிறது. "அப்ப உள்ளேயிருந்து நாங்க கேக்கறதுக்கு வர்ற பதில் மட்டும் எப்படி சார் வீடு மாறாம வருது?"

"யார் எப்ப எதைக் கேட்டாங்கன்னு பெட்டி குறிச்சு வச்சுக்கும் சார். பதில் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துக் குடுத்துடும்."

"ஒண்ணுகூட மாறினதில்லையா?"

இன்ஜினியர் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல சார்." பிறகு, இவருக்கு மட்டும் தனி வெளிமுகவரி ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார்.

ரூட்டர் அணைந்து எழுந்தது. இரண்டு எண்களும் இப்போது ஒன்றாக இருந்தன. தங்கைக்குச் சொன்னார். மூன்று நொடி. "அண்ணா! கோடு ஓடுது! அண்ணி நடக்கறாங்களா?" சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "நின்னுட்டாங்க!" என்றாள் தங்கை, கடலுக்கு அப்பாலிருந்து.

மகிழ்ச்சி பத்து நிமிடம்தான். யார் யார் வந்தார்கள் என்று கருவி எழுதிவைக்கும் பட்டியலைத் திறந்தவர் திடுக்கிட்டார். தங்கையின் ஒரு வரிக்குக் கீழே முப்பது வரிகள். கேள்விப்பட்டிராத ஊர்களிலிருந்து யார் யாரோ தட்டியிருக்கிறார்கள்.

"யாருங்க இவங்கல்லாம்? நம்ம வீட்டுல என்ன இருக்குன்னு வர்றாங்க?" மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது.

படித்துப் பார்த்தபோது தெரிந்தது. அவர்கள் மனிதர்களே இல்லை. உலகத்தில் உள்ள எல்லா முகவரிகளையும், ஒன்றுவிடாமல், ஓயாமல் தட்டித் தட்டித் திறந்த கதவு தேடும் இயந்திரங்கள். கதவு திறந்த சில நிமிடங்களுக்குள் இந்தப் படிக்கட்டுக்கு அடிவரை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. இத்தனை பெரிய சந்தையின் நடுவில் வீடு கட்டிக்கொண்டு, வெளியே இரைச்சலே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறோமே! அன்றே, வெளியிலிருந்து வருகிறவர் கேட்க வேண்டிய வாசல் எண்ணை மாற்றினார், நீளமான கடவுச்சொல் போட்டார், கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தார். தட்டுகிறவை தட்டட்டும். உள்ளே வர முடியாது.

அது நடந்து ஐந்து வாரம் இருக்கும். மத்தியானம் மூன்று மணி. இருவருமே வீட்டில் இருந்தார்கள். தங்கையிடமிருந்து அழைப்பு.

"அண்ணா, இப்பதான் ஆடுச்சு! இன்னும் கொஞ்சம் ஆடிக்கிட்டே இருக்கு. கடைக்குள்ள ஆயிரம் கண்ணாடியும் கிலுகிலுன்னு..."

"வெளிய வா முதல்ல!"

"வெளியதான் நிக்கறேன். யாருக்கும் ஒண்ணும் இல்ல. ரெண்டு பிரேம் கீழ விழுந்துச்சு, அவ்வளவுதான். கடலுக்கடியில எங்கேயோ தூரமாம்."

அவள் குரலில் இன்னும் மூச்சு வாங்கியது. அவர் எழுந்து கருவியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒன்று உறைத்தது. அவள் குரல் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. அவளை ஆட்டியது இன்னும் வரவில்லை. அது இப்போது எங்கோ கடலுக்கும் கீழே, பாறைக்குள்ளே, இந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது.

"பாப்பா, நம்ம கருவிப் பக்கத்தைத் திற. போனை வைக்காதே. எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"நாலு இருக்கும்."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இரு. உங்க ஊர் தூரத்துக்கு ஒம்பது நிமிஷக் கணக்கு வருது."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்தால் கோட்டில் தெரியும் என்று தரையிலேயே மெல்ல உட்கார்ந்தாள். போனுக்குள் தங்கையின் தெருச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ குழந்தையைக் கூப்பிட்டார்கள்.

ஆறு. ஏழு. எட்டு. குப்பை வண்டி வந்துவிடக் கூடாதே என்று காதுக்காரர் வேண்டிக்கொண்டார்.

கோடு சிலிர்த்தது.

வீட்டுக்குள் யாரும் அசையவில்லை. தெருவில் வண்டி இல்லை. கோடு மட்டும், தூங்குகிறவன் தோளைத் தொட்டதுபோல, ஒரு முறை விதிர்த்து, பிறகு நிற்காமல் நடுங்கத் தொடங்கியது.

"அண்ணா..." என்றாள் தங்கை. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இங்க ஆடினதா? அங்க வந்துடுச்சா?"

"வந்துடுச்சு பாப்பா. படிக்கட்டுக்கு அடியில நிக்குது."

அவர் போய்க் கருவிக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்தார். உள்ளங்கையைப் பதித்தார். காதை வைத்தார். முப்பத்துமூன்று வருடத்துக் கை அது. குளிர்ந்த தரை, வேறொன்றும் இல்லை.

"தெரியுதாங்க?" மனைவி கிசுகிசுத்தாள்.

"இல்ல. ஒண்ணுமே தெரியல." ஆனால் அவர் முகம் ஏமாந்தவர் முகம் மாதிரி இல்லை. மயிரிழையைவிட மெல்லிய அசைவு. இத்தனை மலையும் கடலும் ஊரும் தாண்டி வந்து, ஒரு பொருளையும் தட்டிவிடாமல், தன் விலா எலும்புக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. ஏழு நிமிடம் கழித்து, முதல் அலையைவிட மெதுவாக நகரும் இரண்டாவது அலை வந்தது. கோடு திரை முழுக்க விரிந்தது. மனைவி தன்னையறியாமல் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

பிறகு அவர் வெளியே போய்த் தெருவில் நின்றார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் ஒரு டப்பாவை உதைத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னவென்று தலையசைத்துக் கேட்டார். எப்படிச் சொல்வது? அந்த அம்மாளின் காலுக்கடியிலும்தான் அது போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கடியில், பள்ளிக்கூடத்துக்கடியில், இவர் ஏறி இறங்கிய அத்தனை கட்டடங்களின் அஸ்திவாரத்துக்கடியில். எத்தனையோ காலமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கும். ஒருத்தரிடமும் அது நின்று சொன்னதில்லை.

"உள்ள வாங்களேன்" என்று மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள். "பாப்பா இன்னும் லைன்லதான் இருக்கா. அவ முதலாளியும் பார்க்கணுமாம், கடவுச்சொல்லை அவருக்கும் குடுக்கட்டுமான்னு கேக்கறா. குடுக்கலாமா?"