கூப்பிட்டவர்தான் தீனி கொடுக்க வேண்டும்

ஜப்பானின் கோபே துறைமுகத்துக்குப் போகும் எங்கள் கப்பல் சிங்கப்பூரில் ஒரு பகல் நின்றது. காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம். மாலை ஆறுக்குள் திரும்பியாக வேண்டும். சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் நாகூர்க்காரர் காதர் பாய், என் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதர். சாப்பாடு போட்ட கையோடு, "கேலாங் சிராய் கம்பத்துல ஒரு மலாய்க் கல்யாணம். கூடா கெப்பாங்னு ஒரு குதிரை ஆட்டம் ஆடுறாங்க, பார்த்துட்டுப் போங்க லா" என்று எங்களோடு டாக்சியில் ஏறினார். மூன்று மைலுக்கு வாடகை இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர்.

அந்த மலாய்க் கிராமத்தில், தென்னைகளுக்கு நடுவே மேளம் கொட்ட, மூங்கில் பின்னல் குதிரைகளைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் ஆடினார்கள்.

"அட, நம்ம பொய்க்கால் குதிரை!" என்றார் என் வீட்டுக்காரர். தஞ்சாவூர்க்காரர் ஆயிற்றே. ஆனால் நம்மூர்க் குதிரை கண்ணாடி தின்னாது. இங்கே ஒருவர் ஆவேசம் வந்து, பல்லால் தேங்காய் உரித்தார். பல்பை உடைத்து மென்றார். நான் பயந்து இரண்டடி பின்வாங்கினேன். நம் மனிதருக்கோ குஷி பிறந்துவிட்டது. விரலை மடக்கி வாயில் வைத்து, ஊர்த் திருவிழாவில் அடிப்பதுபோல் ஒரு சீழ்க்கை அடித்தார்.

மேளம் நின்றது.

"யா அல்லா! சீழ்க்கை அடிக்கக்கூடாது தம்பி! அது குதிரையைக் கூப்பிடுற மாதிரி!" என்று பாய் அலறினார்.

கண்ணாடி தின்றவர் உதட்டில் ரத்தத்தோடு பாய்ந்து வந்து, என் வீட்டுக்காரர் முகத்தருகே நின்று மூச்சு விட்டார். ஆட்டத்தை நடத்தும் மந்திரக்காரர் சாட்டையோடு ஓடிவந்து மலாயில் ஏதோ சொன்னார்.

"ஓடிடாதீங்க, ஓடினா கடிச்சுடும்" என்றார் பாய். "கூப்பிட்டவர்தான் தீனி கொடுக்கணுமாம்."

ஒரு பிடி புல்லை என் வீட்டுக்காரர் கையில் திணித்தார்கள். பாதிப் புல் கீழே சிந்தியது. குதிரைக்காரர் உறுமினார். எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கேயோ போய்விட்டது.

"கையையும் வாயையும் வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா!" என்று திட்டிக்கொண்டே, அவர் கைக்கடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். அந்தப் பல் என் விரலில் உரசியது. அசையவில்லை நான். புல் தீர்ந்தது. மந்திரக்காரர் அந்த ஆள் காதில் ஓதித் தண்ணீர் தெளித்ததும் அவர் சரிந்து விழுந்தார். எழுந்தவர் எங்களைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். இருபது வயசுதான் இருக்கும்.

திரும்பும்போது டாக்சியில் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்தவரில்லை. அன்று துறைமுகம் வரை விடவில்லை. எனக்கு அழுகையாகவும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கப்பல் ஏணியடியில் நம்மூர்க்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் என் கையை உதறிவிட்டார்.