கை நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

குமணன்சாவடியில் அம்பத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எலக்ட்ரானிக் போர்டு செய்யும் எங்கள் யூனிட்டில் ஈயத் தொட்டி பார்க்கும் டில்லி, மொபெட்டை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வழியில் பார்த்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு வண்டியை அணைத்துவிட்டு ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டில்லிண்ணா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று நான்தான் கேட்டேன்.

"கன்னிம்மா, டேப்பு மேடம் பூட்டாங்கம்மா. விடிகால, ஆஸ்பத்திரியில. வேலைக்குப் போவாத. சேக்காட்டுக்கு, அவங்க ஊட்டுக்குப் போ" என்றார்.

ஒரு வருஷமாக அவர் படுக்கையில் இருந்தது தெரியும். தெரிந்திருந்தும் அங்கேயே பூக்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீயும் எழுது என்று யூனிட்டில் சொன்னார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். பெரிய இன்ஜினியர்கள் எழுதுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று முதலில் மறுத்தேன். பிறகு யோசித்தேன். நாங்கள் டேப்பு மேடம் என்று கூப்பிட்ட இந்திராணி மேடம் போட்ட போர்டுகள் எப்படி ஓடின என்று அவர்கள் எழுதுவார்கள். அந்த போர்டுகள் கைக்கு எப்படி இருந்தன என்று சொல்ல எங்கள் மேசையிலிருந்து ஒரு ஆள் வேண்டும் அல்லவா. அதனால் எழுதுகிறேன்.

அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி பேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, டிப்ளமோ படித்து, எங்கள் யூனிட்டில் லேஅவுட் போட வந்தார் இந்திராணி. எனக்கு ஊர் நூம்பல். எங்கள் ஆட்கள் வயல் வேலைக்குப் போனவர்கள். வயலெல்லாம் பிளாட் ஆனதும் நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தேன். அவரைவிட நான் நாலு வயது மூத்தவள்.

மாடியில் அவருக்கு ஒரு கண்ணாடி மேசை. அதற்கு அடியில் டியூப்லைட் எரியும். மேலே ஒரு பிலிம் தாள். அதில் நூல் மாதிரி இருக்கும் கறுப்பு டேப்பை ஒட்டி, வளைத்து, பிளேடால் வெட்டி, போர்டில் செம்புக் கோடு எங்கெங்கே ஓட வேண்டும் என்று போடுவார். நாள் முழுக்க விரலில் டேப் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் டேப்பு மேடம். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, பாதியாகச் சுருக்கி, அதை வைத்து போர்டு செய்வார்கள். கீழே நாங்கள் ஆறு பெண்கள் அந்த போர்டின் ஓட்டைகளில் சாமான்களைச் செருகுவோம். டில்லி அதை ஈயத்தில் முக்கி எடுப்பார். மாடிக்கும் எங்களுக்கும் நடுவில் பதினாலு படி. முதல் ஒரு வருஷம் அவர் எங்கள் மேசைக்கு வந்ததில்லை, நான் மாடிக்குப் போனதில்லை.

அப்போது கடைகளில் வைக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஒரு புது போர்டு வந்தது. அதில் பன்னிரண்டு கண்டென்சர். சின்ன டப்பி மாதிரி இருக்கும், ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. அந்தக் கோடு சரியான பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கரண்டு கொடுத்ததும் வெடித்துவிடும். பன்னிரண்டும் என் பங்கு.

முதல் நாள் டெஸ்ட் மேசையில் பட், பட் என்று சத்தம். ஒரே புகை. "இன்னாப்பா, இந்த வருசம் தீபாவளி ஆடியிலயே வந்துருச்சு" என்றார் டில்லி. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். சூப்பர்வைசர் போர்டுகளைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கண்ண ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா? பாரு, எல்லாத்துலயும் ஒரே எடம். குறி போட்டுத்தானே கீது?"

குறி போட்டுத்தான் இருந்தது. பார்த்துத்தான் போட்டேன். எப்படி மாறியது என்று எனக்கே விளங்கவில்லை. மறுநாள் இன்னும் கவனமாகப் போட்டேன். மறுபடியும் வெடித்தது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லேத் பட்டறை மூடிக் கிடந்த நேரம் அது. ரெண்டு பிள்ளைகள். என் வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அன்று மத்தியானம் இந்திராணி மேடம் படி இறங்கி வந்தார். வெடித்த போர்டு ஒன்று கையில் இருந்தது.

"இத யார் உக்காந்து போட்டது?"

"நான்தான் மேடம்."

"கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?"

இவரும் நாலு வார்த்தை திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "இவங்க எவ்வளவு வேகமாப் போடுவாங்களோ அதே வேகத்துல போடுறேன். டில்லிண்ணே, கடியாரத்தப் பாத்துக்கோங்க" என்றார். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்று போட்டார், ரெண்டு போட்டார், மூன்று சரியாக வந்தது. நாலாவது போர்டை முடித்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கிக் காட்டினார்.

"பாருங்க சார். வரைஞ்சவ நானு. எது எந்தப் பக்கம்னு எனக்கு மனப்பாடம். நானே மாத்திப் போட்டுட்டேன். பதினொண்ணு இடது பக்கம் பாக்குது, ஒண்ணே ஒண்ணு வலது பக்கம் பாக்குது. பதினொண்ணு போட்ட கை பன்னெண்டாவதையும் அப்படித்தான் போடும். தப்பு இந்த ஸ்டூல்ல இல்ல. மாடியில என் மேசையில இருக்கு."

எஸ்டேட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டேன். மேலேயிருந்து கீழே வந்து இப்படிச் சொன்ன ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

அந்த ஒன்றைத் திருப்பிவிட்டால் போதும் என்று நினைத்தோம். அது அவ்வளவு சுலபமாக இல்லை. அவர் ஒரு போர்டில் கோட்டை அறுத்து, ஒயர் வைத்து, அதைத் திருப்பிப் பார்த்தார். வெடிக்கவில்லை. ஆனால் தராசில் கடைசி எண் நிற்காமல் ஆடியது. எடை சொல்கிற கோடு ரொம்ப மெல்லியது, அதில் வருகிற கரண்டும் துளிதான் என்று பிறகு எனக்குச் சொன்னார். கண்டென்சரைத் திருப்பினால் அந்தக் கோடு நீண்டு, சப்ளை வருகிற தடிக் கோட்டை ஒட்டிப் போகிறது. அதிலுள்ள இரைச்சல் இதில் ஏறிவிடுகிறது. கடைசி எண் ஆடுகிற தராசை எந்தக் கடைக்காரர் வாங்குவார்?

"அப்ப போர்டு சரியாத்தான் இருக்கு. ஆளை மாத்திட்டாப் போச்சு" என்றார் முதலாளி.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது கடைசிச் சாப்பாடு. இந்திராணி மேடம் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"கன்னியம்மாக்கா, ரெண்டு நாளாப் பாக்குறேன். அந்த ஒண்ணு திரும்ப மாட்டேங்குது."

அவர் என்னை அக்கா என்றது அன்றுதான் முதல் தடவை. எனக்கு இருந்த கோபத்தில் அது காதில் ஏறவில்லை.

"அது திரும்பலன்னா உடுங்க மேடம். மீதி பதினொண்ணையும் அது பக்கமாத் திருப்புங்களேன். எங்க கைக்கு இடது இன்னா, வலது இன்னா? எல்லாம் ஒரே பக்கமா இருந்தாப் போதும்."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "பதினொண்ணையுமா?" என்றார். கொஞ்ச நேரம் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் தடிக் கோட்டுல இருக்கு. திரும்பினாலும் ஒண்ணும் ஆவாது" என்று தனக்குத்தானே சொன்னார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"இன்னா மேடம், எங்க கன்னிம்மா மாடிக்கு வந்துட்டா நீங்க கீழ வந்து ஈயம் முக்குவீங்களா?" என்றார் டில்லி.

"முக்கிட்டாப் போச்சு. நீங்க கத்துக் குடுங்கண்ணே" என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

முதலாளியிடம் போய், திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் கன்னியம்மா இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து, ஒட்டிய டேப்பில் முக்கால்வாசியைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். திங்கட்கிழமை கையில் ஒரு அட்டையோடு இறங்கி வந்தார். புது லேஅவுட்டை நிஜ போர்டு அளவுக்குக் காகிதத்தில் வரைந்து, தடி அட்டையில் ஒட்டி, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தியிருந்தார்.

"போட்டோவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க இதுல போட்டுக் காட்டுங்கக்கா. பாத்துப் பாத்துப் போடாதீங்க. எப்பவும் போடுற மாதிரி."

முதலாளி, சூப்பர்வைசர் ரெண்டு பேரும் பின்னால் நின்றார்கள். நான் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பன்னிரண்டு கண்டென்சரும் மளமளவென்று ஒரே பக்கமாக இறங்கின. எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். பத்து தடவை போட்டேன், ஒன்றுகூட மாறவில்லை. மற்ற சாமான்களையும் போடச் சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் என் கை நின்றது.

"இங்க ஏங்க்கா நின்னுச்சு?"

"பக்கத்துல உசரமா ஒண்ணு கீதே மேடம். வெரல் எறங்கல."

சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். முதலாளி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி, அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று போய்விட்டார். என் வேலை போகாமல் நின்றது அந்த ஒரு பேச்சில்தான். புது போர்டு வந்து டெஸ்ட் மேசைக்குப் போன அன்று ஒன்றுகூட வெடிக்கவில்லை. கடைசி எண்ணும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் ஒரு லேஅவுட்டும் மாடியை விட்டுப் போகவில்லை. "கை எங்க நிக்குதோ, அங்க நான் தப்புப் பண்ணியிருக்கேன்" என்பார். புதிதாக வந்த இன்ஜினியர்களிடம், "ஓடுனா பாதி போர்டுதான். செய்ய வரணும், அப்பத்தான் முழு போர்டு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாங்கள் கேட்டதையெல்லாம் செய்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். கிறிஸ்டல் என்கிற ஒரு சாமான் ரொம்ப நெருக்கமாக இருக்கிறது, தள்ளி வையுங்கள் என்று ஆறு பேரும் சேர்ந்து கேட்டோம். முடியாது என்றார். "இது நகந்தா போர்டு தடுமாறும். இந்த ஒரு எடத்துல நீங்க கஷ்டப்படுங்க, மத்த எடத்துல நான் படுறேன்." அந்த இடத்தில் விரலைச் சாய்த்துச் செருகப் பழகிக்கொண்டோம். அவர் படுகிற கஷ்டம் எங்களுக்குத் தெரியும்.

லேஅவுட் தாளின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர் என்று ரெண்டு கோடு. ஒரு தடவை வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்தவர்கள், சரிபார்த்தவர் கோடு காலியாக இருக்கிறதே என்று கேட்டார்கள். இந்திராணி படியில் நின்று என்னைக் கூப்பிட்டு, பேனாவைக் கையில் கொடுத்தார். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவளா?" என்று சூப்பர்வைசர் வாய்க்குள் முணுமுணுத்தார். "கை வச்சுப் பாத்தது அவங்கதானே சார்" என்றார் இவர். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கையெழுத்து அதுதான். அன்று மாடிக்கு ஏறிய பதினாலு படியையும் நான் மறக்கமாட்டேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டேப் போனதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அப்பாடா, பிளேடு பட்ட வெரலெல்லாம் இப்பத்தான் ஆறுது" என்றார். கம்ப்யூட்டர் போட்ட லேஅவுட்டையும் அட்டையில் ஒட்டி, ஊசியால் குத்தித்தான் கீழே கொண்டுவந்தார்.

டில்லி வந்து சொன்ன அன்று, சேக்காட்டு வீட்டில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. இந்திராணியின் வீட்டுக்காரர் நான் பேர் சொன்னதும், "நீங்கதானே பதினொண்ணையும் திருப்பச் சொன்ன அக்கா" என்றார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. இந்திராணி வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறார், அதுவும் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறார். அழுகையோடு அழுகையாக எனக்குத் தலை நிமிர்ந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன்.

பெண்கள் சாமான் செருகுகிற லைனை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம், எட்டு வருஷமாக வேலை பார்க்கிற சாந்தா ஒரு போர்டில் திரும்பத் திரும்ப ஒரே சாமானை மாற்றிப் போட்டாள். லேஅவுட் வேறு ஒருவர் போட்டது, அட்டை வரவில்லை. கண்ணை எங்கே வைத்தாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும்.

இந்திராணியிடமிருந்து என்னிடம் இருப்பது போட்டோவோ பொருளோ இல்லை. ஒருத்தி மேல் குறை சொல்வதற்கு முன்னால் அவளை எழுந்திருக்கச் சொல்லி, அவள் ஸ்டூலில் நான் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் இருக்கிறது.

"சாந்தா, கொஞ்சம் எழுந்திரு" என்றேன். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அவள் வேகத்துக்குப் போட ஆரம்பித்தேன். மூன்றாவது போர்டில் என் கை நின்றது. அந்த போர்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.