பதினெட்டு மரத்து வேங்கை

வனத்துறை ரேஞ்சர் பிடுங்கச் சொன்ன வேங்கை நாற்றுகளை நான் பிடுங்கவில்லை. அரசாங்க வேலையைக் கெடுத்தவள் என்று சிலர் இன்றும் என்னைச் சொல்வதுண்டு. சொல்லட்டும்.

நான் சோமனூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தேன். அமராவதி அணையில் மதகு திறந்து மூடுகிற வேலையில் இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அறுபதுகளின் நடுவில், அணைக்குக் கீழே வனத்துறை போட்டிருந்த நாற்றங்காலில் கூலிக்குச் சேர்ந்தேன். எழுதத் தெரிந்தவள் என்பதால் தகரப் பட்டையில் மரத்தின் பெயர் எழுதிப் பாத்திகளில் செருகும் வேலையும் எனக்கே வந்தது. என்னோடு ஆறு பெண்கள். விதை பறித்துத் தருபவர் மலையில் பிறந்தவர், என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர். அவரை அண்ணன் என்போம்.

நான் சேர்ந்த வருஷம் வேங்கை விதை முழுவதையும் ஒரே மரத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஓடையை ஒட்டி, ஜீப் போகும் பாதையோரம் நின்ற மரம். நெடுநெடுவென்று நேராக இருக்கும். ஏறவும் சுலபம், மூட்டையை ஏற்றவும் சுலபம். நாற்றுகளும் கத்தரித்து வைத்தாற்போல ஒரே மட்டமாக வந்தன. ஐப்பசி மழையில் மலைச்சரிவில் நட்டோம். அடுத்த கோடையில் தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஏறிப்போய்ப் பார்த்தால், வரிசை வரிசையாகக் கருகி நிற்கின்றன. பக்கத்திலேயே தானாக முளைத்த வேங்கைக் கன்றுகள் இருந்தன. அவற்றில் காய்ந்ததும் உண்டு, பச்சையாக நின்றதும் உண்டு. நாங்கள் நட்டதில் ஒன்றுகூடப் பச்சை இல்லை.

அண்ணன் ஒரு கன்றின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளேயும் காய்ந்திருந்தது.

"ஓடைத் தண்ணியில வளந்த மரமுங்க அது. அதோட புள்ளைங்களுக்குத் தாகம் தாங்கத் தெரியல" என்றார்.

"பாறை மேல நிக்கற வேங்கையும் இருக்குதில்லீங்கண்ணா? அதுல ஏன் எடுக்கல?"

"யாரு அவ்வளவு தூரம் நடக்கறது? மூட்டை ரொம்புனாச் சரிங்கறாங்க."

குடத்தில் மீந்த தண்ணீரை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறு வருஷம் மாசியில் யாரிடமும் கேட்காமல் நாங்களே போனோம். அண்ணன், நான், இன்னும் இரண்டு பெண்கள். மூன்று மலைகளில் பதினெட்டு மரங்கள். பாறை இடுக்கில் முடங்கி நின்றது ஒன்று. காற்றடிக்கும் மேட்டில் ஒருபக்கமாய்ச் சாய்ந்தது ஒன்று. காட்டுத்தீயில் பாதி வெந்து, மீதிப் பாதியில் காய்த்தது ஒன்று. ஒரு மரத்து விதை இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த என் தம்பியிடம் சொல்லி வெட்டுத்துணி வாங்கி, மரத்துக்கு ஒரு பை தைத்தேன். பாத்தியும் மரத்துக்கு ஒன்று.

முளைத்தபோது நாற்றங்கால் பார்க்கவே கோணல்மாணலாக இருந்தது. ஒரு பாத்தி முழங்கால் உயரம், ஒரு பாத்தி சாண் உயரம். புரட்டாசியில் மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முதல் நாள் ரேஞ்சர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என்ன இது, பரட்டைத் தலை மாதிரி? குட்டையா இருக்கறதையெல்லாம் புடுங்கிப் போடு. ரோட்டோர மரத்து நாத்து இன்னொரு நர்சரியில இருக்கு, லாரியில வருது. அதை வெச்சு ரொப்பு."

"அந்த மரத்து நாத்துத்தானுங்க போன வருஷக் கோடையில பூராவும் செத்துப்போச்சு."

"உன்னைக் கேக்கல. பனியன் கம்பெனியில ஒரே மாதிரி அடுக்கி வெக்கறான்ல? அப்படி இருக்கணும் நாத்து."

"பனியன் கிழிஞ்சா வேற வாங்கிக்கலாமுங்க. காடு காஞ்சா எந்தக் கடையிலீங்க வாங்கறது?"

அவர் முகம் சிவந்தது. "நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே" என்றார். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்து, "நீங்க புடுங்குங்க" என்றார்.

யாரும் குனியவில்லை. எங்களில் மூத்தவர், யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர், களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, "எங்களால ஆகாதுங்க" என்றார். அந்த அம்மாளின் குரல் நடுங்கவில்லை.

ரேஞ்சர் தானே இறங்கிப் பிடுங்கினார். இரண்டு பாத்திகளைக் காலி செய்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், மீதியைக் காலையில் ஆள் விட்டுப் பிடுங்கப்போவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார்.

ஜீப்பின் புழுதி அடங்கியதும் நாங்கள் கூடைகளை எடுத்தோம். பதினாறு பாத்தி நாற்றுகளையும் வேர்மண்ணோடு தோண்டி, ஈரச்சாக்கு சுற்றி, பொழுது சாய்வதற்குள் மலையடிவாரத்துக்குச் சுமந்தோம். மழைக்கு இன்னும் நாளிருந்தது. ஓடை நிழலில் குழியெடுத்து நெருக்கமாக ஊன்றி, பெண்கள் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். முதல் மழை விழுந்ததும் போன வருஷம் கருகிய அதே சரிவில் நட்டோம். என் வீட்டுக்காரர் கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்தார்.

அரசாங்க நாற்றுகளைத் திருடியதாக எனக்கு நோட்டீஸ் வந்தது. பதிலை நானே எழுதினேன். 'ஆமாம், நான்தான் எடுத்தேன். அரசாங்கக் காட்டு விதையை அரசாங்கக் காட்டிலேயே நட்டிருக்கிறேன். வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.' யாரும் எண்ண வரவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. நான் தம்பியின் கம்பெனிக்குப் பனியன் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனேன். விடுமுறைக்கெல்லாம் சரிவுக்கு ஏறினேன்.

எல்லாம் பிழைத்தன என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கோடைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. பதினெட்டில் பள்ளத்தில் நின்ற மரங்களின் கன்றுகள் முதலில் போயின. பாறை மரத்துக் கன்றுகள் மெதுவாக வளர்ந்தன, ஆனால் நின்றன. சாய்ந்த மரத்தின் கன்றுகள் நேராகவே வளர்ந்தன. அதைப் பார்த்து நானும் அண்ணனும் வெகுநேரம் சிரித்தோம்.

எழுபதுகளில் வேறொரு அதிகாரி, இளைஞர், என் வீட்டைத் தேடி வந்தார். சரிவில் நிற்கும் வேங்கைகள் எந்த மரத்து விதை, நல்ல மரம் எது என்று கேட்டார்.

"நல்ல மரம்னு ஒண்ணை மட்டும் காட்டமாட்டனுங்க. அத்தனையிலயும் எடுக்கறதா இருந்தா வாங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, நோட்டை எடுத்தார். ஒவ்வொரு மரமாகச் சொன்னேன். பாதி வெந்த மரத்தைப் பற்றிச் சொன்னபோது, "அதோட நாத்து எங்கே நிக்குது?" என்றார்.

எங்கும் இல்லை. ரேஞ்சர் பிடுங்கிய இரண்டு பாத்திகளில் ஒன்று அதனுடையது. மறு கோடையில் வந்த தீயில் அந்த மரமும் விழுந்துவிட்டது. ஒரு தீயைத் தாங்கிய மரத்தின் பிள்ளைகள் இன்னொரு தீயைத் தாங்கியிருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த ரேஞ்சர் பின்னாளில் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று சிரித்தார். நான் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.