கிளிக்கூண்டு மிதந்த வெள்ளம்

ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மிளகாய் மல்லி அரைக்கும் கடையின் மேல்மாடியில் நடந்த தனியார் பள்ளியில் நான் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். பள்ளி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மூன்று அறை, இரண்டு கரும்பலகை, ஆடாத நாற்காலி ஒன்று. அந்த ஒன்று பிரின்சிபாலுடையது. யுத்தத்தில் படிப்பு நின்றுபோய் வயது தாண்டியவர்களும், அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்காதவர்களும் எங்களிடம் வந்தார்கள். கீழே மிளகாய் வறுத்தால் மேலே வகுப்பு முழுவதும் தும்மும்.

அந்தத் தும்மலுக்கு நடுவேதான் அவர்களைச் சீமைப் பரீட்சைக்குத் தயார் செய்தேன். கேள்வித்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும், அங்கே முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து திருத்துவார். மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் இங்கிலீஷில் கோட்டை விட்டால் சான்றிதழ் கிடையாது. இங்கிலீஷில் பெரிய கண்டம் கட்டுரை. ஒரு பத்திரிகைக்கு எழுதுவதுபோல எழுது என்று தலைப்பைக் கொடுத்துவிடுவார்கள். தலைப்பைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆறு கட்டுரைகள். வெள்ளம், தீ விபத்து, திருவிழா, கப்பல் பயணம், சந்தை, மறக்க முடியாத மனிதர். பழைய இங்கிலீஷ் புத்தகங்களிலிருந்து நல்ல வாக்கியங்களாகப் பொறுக்கி, நானே கோத்து, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்துக் கொடுத்து, முற்றுப்புள்ளி வரைக்கும் மனப்பாடம் செய்ய வைப்பேன். எந்தத் தலைப்பு வந்தாலும் இந்த ஆறில் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிவிடலாம். பிள்ளைகள் என்னைக் கட்டுரை சார் என்றார்கள். அந்தப் பெயரில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

ஆறிலும் எனக்குப் பிடித்தது வெள்ளம். அதில் இடி இடிக்கும், தேவாலய மணி அடிக்கும், ஒரு வீரன் படகோட்டி வருவான். கூரைமேல் ஒரு கிழவி, கையில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருப்பாள். கிழவியைக் காப்பாற்றியதும் கூண்டுக்குள்ளிருந்து கிளி நன்றி சொல்லும். அதோடு கட்டுரை முடியும். அப்படி ஒரு கிழவியை நான் எங்கள் பக்கத்துத் தேக்காவிலும் பார்த்ததில்லை, ஜாலான் புசாரிலும் பார்த்ததில்லை.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை இத்தனை தூரம் தள்ளிப்போட்டதே என் புத்தியைக் காட்டிவிடும்.

அப்பா பால்காரர். ரோச்சோர் கால்வாய்க்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் ஐந்து மாடுகள் வைத்திருந்தார். கொட்டகையை ஒட்டியே வீடு. விடிவதற்குள் அப்பா கறந்து கொடுக்க, தங்கைதான் தூக்குகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவாள். அப்புறம் குளித்து, பின்னலைப் போட்டுக்கொண்டு என் வகுப்புக்கு வருவாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அவள் என் தங்கை என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. நான்தான் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். பட்சபாதம் காட்டுகிறேன் என்று பேச்சு வரும் என்பது அவளிடம் சொன்ன காரணம். கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிற சாருக்கு மாட்டுக்கொட்டகையில் வீடு என்று தெரியக் கூடாது என்பதுதான் உண்மைக் காரணம். அவள் முன்னால் போவாள், நான் பத்து நிமிஷம் கழித்துக் கிளம்புவேன். வகுப்பில் என்னை சார் என்பாள். ஒரு நாளும் வாய் தவறியதில்லை.

அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும். சான்றிதழ் இருந்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். கடலுக்கு அப்பால் சொந்த ஊரில் அத்தை மகன் காத்திருந்தான். அத்தையிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. ஒரு தடவை எழுதட்டும், தேறினால் அவள் இஷ்டம், தேறாவிட்டால் கல்யாணம் என்று சொல்லி, அந்தப் பேச்சை ஊருக்கும் எழுதிப் போட்டுவிட்டார். ஒரு தடவை. அவ்வளவுதான் அவளுக்கு இருந்தது.

பரீட்சைக்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தது. கடல் ஏறியிருந்த நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டதால் கால்வாய் வழிந்து கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. மாடுகளை அவிழ்த்து, தெருமுனைக் கடைகளின் வாசலில் உயர்ந்திருக்கும் ஐந்தடிப் பாதைக்கு ஏற்றினோம். அங்கே இருந்த சீனத் தச்சர் தன் பலகைகளையெல்லாம் ஒதுக்கி மாடுகளுக்கு இடம் விட்டார். ஈன்று நான்கு நாளான கன்று ஒன்று மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. அதை நான் தூக்கி வந்தேன். அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த வாரத்தில், வெள்ளத்தைப் பற்றி நீங்களாக ஒரு கட்டுரை எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன். எவ்வளவு தப்பாக எழுதுகிறார்கள் என்று காட்டிவிட்டு என் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வழக்கம். தங்கை நான்கு பக்கம் எழுதியிருந்தாள். ஒருமை பன்மை தகராறு நிறைய. ஆனால் தகரக் கொட்டகை இருந்தது, சாணி மிதந்தது, தச்சர் இருந்தார், அப்பா ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது இருந்தது. படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகியது. சீமையில் ஒருவர் இதைப் படித்து, இது ஒரு மாட்டுக்காரன் வீடு என்று தெரிந்துகொள்வார் என்று கூசினேன். அவருக்கு என்னையும் தெரியாது, என் அப்பாவையும் தெரியாது. ஆனாலும் கூசினேன். சிவப்பு மையை எடுத்து நான்கு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

அன்று வீட்டில், அம்மா இல்லாத நேரம் பார்த்து நோட்டோடு வந்தாள்.

"இது நடந்ததுதானேண்ணே?"

"நடந்தது யாருக்கு வேணும்? மார்க்குதான் வேணும். நான் குடுத்ததப் படி."

படித்தாள். மாடு கழுவும்போதும் தூக்கு விளக்கும்போதும் கிளிக்கூண்டுக் கிழவியைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மகள் மடமடவென்று ஒப்பிப்பதைக் கேட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடியே சிரித்துக்கொள்வார்.

பரீட்சையில் வெள்ளம் வந்தே விட்டது. நீ நேரில் கண்ட ஒரு வெள்ளத்தையோ புயலையோ பற்றி எழுது என்று கேட்டிருந்தார்கள். என் வகுப்பிலிருந்து எழுதிய பத்தொன்பது பேரும் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். என் தங்கை அன்றைக்கு மட்டும் பத்து நிமிஷக் கணக்கை மறந்து என்னோடு சேர்ந்து நடந்து வந்தாள். சாலையில் எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க குடுத்தத ஒரு எழுத்து விடாம எழுதிட்டேண்ணே."

முடிவுகள் வந்தபோது இங்கிலீஷில் தேறியவன் ஒரே ஒருவன். என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன், எதுவும் மனப்பாடம் ஆகாதவன், மளிகைக்கடைக்காரர் மகன். மறுநாள் காலையில், எங்கே விசாரித்தானோ, லட்டுப் பொட்டலத்தோடு கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டான். மாடுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காலில் விழுந்து எழுந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க குடுத்தது பாதில மறந்துபோச்சு லா. வேற வழியில்லாம எங்க கடைக்குள்ள தண்ணி வந்ததை எழுதிட்டேன். அரிசி மூட்டை ஊறினது, எங்கப்பா அழுதது, அதெல்லாம்."

உள்ளே அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் தங்கை நின்றிருந்தாள். அவன் சொன்னது முழுவதும் அவளுக்குக் கேட்டது. வெளியே வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அவனை உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். அவனுக்கு அவள் யாரென்று அப்போதுதான் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு பாலைக் குடித்துவிட்டுப் போனான்.

அந்த வாரக் கடைசியில் அப்பா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்கும் மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. துண்டை மடியில் போட்டு மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அண்ணங்காரனே வாத்தியாரா இருந்து சொல்லிக்குடுத்தும் ஏறலன்னா, அவளுக்குப் படிப்பு வராதுன்னுதானே அர்த்தம்? நீ என்னப்பா சொல்ற?"

என்னைத்தான் கேட்டார். அப்பா, அவளுக்குப் படிப்பு வரும், எனக்குத்தான் சொல்லிக்கொடுக்க வரவில்லை, இன்னொரு தடவை எழுதட்டும் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் என் வார்த்தையைத் தட்டியிருக்க மாட்டார். இங்கிலீஷ் விஷயத்தில் நான் சொல்வதுதான் வீட்டில் சட்டம். ஆனால் அதைச் சொன்னால் அந்தச் சட்டமும் போய்விடும். பால்காரர் வீட்டில் பிறந்த ஒரே சார் நான். தங்கை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ சொல் என்றும் பார்க்கவில்லை, சொல்லாதே என்றும் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க இஷ்டம்பா" என்றேன்.

அவள் நினைத்திருந்தால் அப்போதே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். எழுந்து போய்ப் பால்தூக்குகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

நாகப்பட்டினம் போகும் கப்பலில் அப்பாவும் அவளும் புறப்பட்டார்கள்; கல்யாணத்தை முடித்துவிட்டு அப்பா திரும்புவதாக ஏற்பாடு. துறைமுகத்தில் கூட்டம், டிரங்குப் பெட்டிகள், சணல் கயிற்று நாற்றம். அம்மா அழுதபடி நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நானும் போனேன். ஊரில் கொசு அதிகம், ஜாக்கிரதையாக இரு என்று ஏதோ உளறினேன். சங்கு ஊதியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கிளிக்கூண்டு மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கவே இல்லண்ணே" என்றாள்.

கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள். படியேறிப் போனாள்.

அவள் போய் இரண்டு மாதம் கழித்து, பரீட்சை நடத்தியவர்களின் அறிக்கை ஒன்று பள்ளிக்கு வந்தது. பிரின்சிபால் அதை ஆசிரியர்கள் முன்னால் வாசித்தார். ஒரே பள்ளியைச் சேர்ந்த பலர், நேரில் கண்டதாகச் சொல்லி, ஒரே கிழவியையும் ஒரே கிளியையும் ஒரே வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள், சொந்தமாக எழுதியது என்று எதையும் மதிக்க முடியவில்லை என்று அதில் இருந்தது. மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஊரிலிருந்து அவள் கடிதம் எழுதினாள். நலம், நலமறிய ஆவல். இங்கே மழை பெய்தது. மாமியார் அன்பாக இருக்கிறார்கள். அப்பா அம்மாவைக் கவனித்துக்கொள்ளவும். அடுத்த கடிதமும் அதேதான், அதற்கடுத்ததும் அதேதான். வார்த்தைகூட மாறவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்ததை அத்தையின் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டோம். சாணி மிதந்ததை எழுதியவள், தன் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. நன்றாக இருக்கிறாளா, அடி வாங்குகிறாளா, சிரிக்கிறாளா, எதையும் அந்தக் கடிதங்களிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

அறுபதுகளின் நடுவில் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாடுகளை விற்றுவிட்டு, அடுக்குமாடி வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. சாமான்களை ஒழித்து மூட்டை கட்டியபோது தவிட்டு டின் ஒன்றுக்குள் துணியில் சுற்றி அவளுடைய நோட்டு இருந்தது. அந்த நான்கு பக்கத்தையும் கொட்டகையிலேயே நின்றுகொண்டு படித்தேன். முன்பு திருத்தியபோது நான் கடைசிப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று பக்கத்திலேயே கோபம் ஏறிவிட்டதால் நான்காவதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடித்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் கன்று வருகிறது. தமிழில் சொல்வதானால் இப்படி எழுதியிருந்தாள்: 'என் அண்ணன் பெரிய பள்ளியில் ஆசிரியர். அவர் நல்ல சட்டை போட்டிருந்தார். தண்ணீர் அவர் நெஞ்சு வரை வந்தது. அவர் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கன்று பயந்துபோய் அவர் சட்டைமேல் மூத்திரம் பெய்தது. அவர் அதைத் திட்டவில்லை. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். என் அண்ணன் வெட்கப்படவில்லை.'

பக்கத்து ஓரத்தில், அந்தக் கடைசி வரிக்கு நேராக, என் சிவப்பு மையில், என் அழகான இங்கிலீஷ் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நம்பும்படி இல்லை, எடுத்துவிடு என்று எழுதியிருந்தேன்.