பொத்தான் அக்காவின் புருவம்

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. அறை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். முன்பு துடைப்பமும் வாளியும் கிடந்த இடம் அது. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்து, ஒரு சாண் கனத்தில் கதவு போட்டு, குறுக்கே ஒரு கண்ணாடி பதித்துக் காது சோதிக்கும் கூண்டாக்கிவிட்டார்கள். நோயாளியின் நாற்காலியைப் பக்கவாட்டில் போடவேண்டும் என்பது முறை. பக்கவாட்டில் போட்டால் கதவு மூடாது. அதனால் உள்ளே உட்காருகிறவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்காரவேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கருவியின் முன்னால், இருபத்தாறு வருஷமாகப் பொத்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை பெரிய கதை இல்லை. வருகிறவர்களுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரு பொத்தானைக் கையில் கொடுத்து, "சத்தம் எவ்வளவு லேசா வந்தாலும் அமுக்குங்க. வரலன்னா அமுக்காதீங்க. கண்ணை மூடிக்குங்க" என்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை இதையே சொன்னால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நோயாளி அமுக்கினால் கருவியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். கேட்டால் சத்தத்தைப் பத்து குறைக்கவேண்டும், கேட்காவிட்டால் ஐந்து கூட்டவேண்டும். இப்படி இறங்கி ஏறி, காது எங்கே நின்றுபோகிறதோ அங்கே தாளில் ஒரு வட்டம் போடுவாள். எண் பெரிதாகப் பெரிதாகக் காது மோசம் என்று அர்த்தம். அவள் போட்ட வட்டத்தை எந்த டாக்டரும் மறுபடி சோதித்ததில்லை. ஐந்து எண் பிசகினதாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

காது விஷயத்தில் அவள் இப்படிக் கறாராக இருந்ததற்குக் காரணம் அவளுடைய அம்மா. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. முன்னால் போய் நிற்கவேண்டும். முகத்தை நிமிர்த்திப் புருவத்தைத் தூக்கி, 'இதோ பேசப்போகிறேன்' என்று காட்டவேண்டும். அம்மாவின் கண் வந்து தன் முகத்தில் நின்ற பிறகு வாயைத் திறக்கவேண்டும். நடக்கப் பழகும் முன்பே அவள் இதைப் பழகியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் கணவர், "நீ புருவத்தைத் தூக்கினாலே எனக்கு வயித்தைக் கலக்குது. என்ன குண்டு போடப் போறியோன்னு" என்று கேலி செய்வாராம். அம்மா போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. புருவம் மட்டும் அம்மாவை மறக்கவில்லை.

அந்த வருஷம் பிரிவின் தலைவியான டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். ராத்திரி நன்றாகப் படுத்து, காலையில் எழுந்தால் காது அடைத்துப்போன மாதிரி கேட்காமல் போகும் ஒரு நோய் உண்டு. அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையோடு இன்னொரு புது மாத்திரையும் சேர்த்தால் பலன் கூடுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜமான புது மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சோதிக்கிற அக்காவுக்கும் தெரியாது. ஆனால் ஒரு விதி எல்லோருக்கும் தெரியும். பதினாலாம் நாள் சோதனையில் காது பதினைந்து எண்ணாவது தேறியிருக்கவேண்டும். தேறாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு, செவிப்பறை வழியாக ஊசி போட்டுவிடுவார்கள். அந்த ஊசியையும் சீக்கிரம் போட்டால்தான் உண்டு. ஒன்றரை மாதம் தாண்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

பதினேழாவது ஆளாக வந்தவர் ஒரு மோட்டார் மெக்கானிக். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, உள்ளே பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வைத்ததெல்லாம் வலது காதில்தான். இடது காது சின்ன வயசிலேயே சீழ் பிடித்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இப்போது இருந்த ஒரே காதும் போய்விட்டது.

"ஒரே காது. இவரைச் சேக்கலாமா?" என்று டாக்டரம்மாவே தயங்கினார். கடைசியில், "பதினாலாம் நாள் ஒரு வாசல் இருக்கே. தேறலன்னா ஊசி போட்டுடலாம். நீங்க கொஞ்சம் கவனமா பாருங்க" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முதல் நாள் அவருக்குத் தலைசுற்றல் வேறு. தலையைக் கவிழ்த்துக்கொண்டே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். எண்பதில் வட்டம் விழுந்தது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும் என்கிற நிலை. ஏழாம் நாள் வந்தபோது, "கண்ணை மூடினா ஊரே சுத்துதுக்கா" என்றார். பாவம், திறந்துகொண்டே இருக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். அன்றைக்கு அறுபத்தைந்து. பதினாலாம் நாள் ஐம்பது. முப்பது எண் தேறியிருந்தது! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டின் கதவைத் திறந்து, அவர் எதிரே நின்று, முகத்தை நிமிர்த்தி, "நல்லா வருது. தைரியமா இருங்க" என்றாள்.

"நீங்க பேசினா நல்லா புரியுதுக்கா" என்று அவர் சிரித்தார்.

அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். "அக்கா, வீட்டுல நான் கூப்பிட்டா திரும்பறதே இல்லைக்கா. குக்கர் சத்தம்கூட தெரியல. நீங்க தேறிடுச்சுங்கறீங்க" என்றாள்.

அக்கா சிரித்தாள். "பொண்டாட்டி கூப்பிட்டு எந்த ஆம்பளை திரும்பியிருக்கான்? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அதுக்குக் காதுல ஒரு குறையும் இல்ல, நானே டெஸ்ட் பண்ணிட்டேன்."

அவளும் சிரித்துவிட்டாள். ஊசிக்கான தாளில் 'தேவையில்லை' என்று எழுதப்பட்டது. மெக்கானிக் மாத்திரைப் புட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சோதனை நாற்பத்திரண்டாம் நாள். அன்றைக்குப் பார்த்து அக்காவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாகச் சோதித்தவர், ஆறு மாதம் முன்பு வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றலாகி வந்த டெக்னீஷியன். நல்ல மனிதர்தான். ஆனால் கருவியிலிருந்து தலையை எடுக்கவே மாட்டார். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் என்ன சோதனை என்று அக்கா அவரைப் பலமுறை கடிந்திருக்கிறாள். மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் விட்டு வந்து தாளைப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. வட்டம் எண்பதில் இருந்தது.

"தம்பி, ஹெட்போனைச் சரியா மாட்டினீங்களா?"

"மாட்டினேன்க்கா. ரெண்டு தடவை பாத்தேன்."

"ரெண்டு தடவையும் தப்பா பாத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கை மறுநாளே வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். தானே உட்கார்ந்து சோதித்தாள். பச்சை விளக்கு டாண் டாண் என்று எரிந்தது. ஐம்பது. தாளை எடுத்து டெக்னீஷியன் முன்னால் போட்டாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவைத்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கண்ணாடியை மறைச்சுட்டு ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றார்.

"நான் என்ன, வாயால சொல்லிக் குடுக்கிறேன்னு நெனச்சீங்களா?"

அந்த வேகத்திலேயே அக்கா எழுந்து, மேஜையில் கிடந்த நாள்காட்டி அட்டையை எடுத்துக் கண்ணாடியின் மேல் ஒட்டினாள். உட்கார்ந்தாள். ஐம்பதில் சத்தத்தை அனுப்பினாள்.

விளக்கு எரியவில்லை.

ஐம்பத்தைந்து. அறுபது. ஒருவேளை பொத்தான் கைநழுவிவிட்டதோ என்று கதவைத் திறந்து பார்த்தாள். பொத்தான் அவர் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் தயாராக இருந்தது. முகத்தில் பரீட்சை எழுதுகிறவனின் கவனம். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அறுபத்தைந்து. எழுபது. எழுபத்தைந்து. அவ்வளவு சத்தத்தை அனுப்பும்போது ஹெட்போனிலிருந்து கசிவது வெளியே இருப்பவருக்கே சில சமயம் கேட்கும். விளக்கு எண்பதில்தான் எரிந்தது.

அட்டையை உரித்தாள். அவர் கண்கள் உடனே வந்து அவள் முகத்தில் நின்றன. அம்மாவின் கண்கள் வந்து நிற்பதுபோலவே நின்றன. அக்கா கருவியின் மேலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எந்தச் சத்தத்தையும் அனுப்பவில்லை. புருவத்தை மட்டும் தூக்கினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

இன்னொரு தடவை தூக்கினாள். எரிந்தது. டெக்னீஷியன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் சத்தத்தை அனுப்பும்போது அவள் புருவம் தன்பாட்டில் ஏறியிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். மற்றவர்கள் கண்ணை மூடியிருந்ததால் பிழைத்தார்கள். இவர் திறந்திருந்தார். நன்றாகக் கேட்கும் என்று அவள் நம்பிய இடத்தில் புருவம் நன்றாக ஏறியது. சத்தம் குறையக் குறைய அவளுடைய நம்பிக்கையும் குறைந்து புருவம் அடங்கியது. ஐம்பது என்றும் அறுபத்தைந்து என்றும் தாளில் விழுந்ததெல்லாம் அவளுடைய ஆசையின் அளவுதான். அந்தத் தாளை வைத்துத்தான் ஊசி வேண்டாம் என்று எழுதினார்கள். இன்றோடு நாற்பத்தாறு நாள்.

டாக்டரம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். மழுப்பவில்லை. "நான் சோதிச்ச அத்தனை பேரையும் மறுபடி பாக்கணும் மேடம். என் தாள் ஒண்ணையும் நம்பவேண்டாம்" என்றாள். டாக்டரம்மா வெகுநேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஊசி இப்பவும் போடலாம். ஆனா..."

"தெரியும் மேடம்."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இல்ல மேடம். நீங்க சொன்னா அவருக்குப் புரியாது. நான் சொன்னாத்தான் புரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவளுக்கே தெரிந்தது.

தாழ்வாரத்துப் பெஞ்சில் மெக்கானிக்கும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முகத்தை நிமிர்த்தினாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டாலும் புருவத்தைத் தூக்கினாள். வேறு வழி அவளுக்குத் தெரியாது. அவர் பார்த்தார்.

"உங்க காது தேறல. மொத நாள் இருந்த மாதிரியே இருக்கு. நான் தப்பா பாத்துட்டேன். தப்பு என்னோடது."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் அமுக்கினதெல்லாம்?"

"என் முகத்தைப் பாத்து அமுக்கியிருக்கீங்க."

"இல்லைக்கா" என்றார் அவர், சத்தமாக. தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. "நீங்க பாக்கும்போது உள்ள நெஜமாவே ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா. நான் ஏமாத்தல."

"நீங்க ஏமாத்தலப்பா. நீங்க ஏமாத்தவே இல்ல."

ஊசியைப் பற்றியும், தவறிப்போன நாட்களைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மனைவிதான் முதலில் விஷயம் முழுவதையும் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் அன்னிக்கே சொன்னேனேக்கா. திரும்பறதே இல்லைன்னு சொன்னேனே. நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

அக்கா அழுதாள். ஆஸ்பத்திரியில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசியும் போட்டுப் பார்த்துவிடலாம், காது மெஷினுக்கும் எழுதித் தருகிறேன் என்றாள். அவர் தலையாட்டினார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பிறகு அவர் தன் உள்ளங்கையைக் காதில் வைத்து அழுத்திப் பார்த்தார், ஓடாத மோட்டாரைப் பார்ப்பதுபோல.

மனைவி கிளம்ப எழுந்தாள். "வாங்க, போலாம்" என்றாள் அவர் முதுகுப்பக்கமிருந்து. அவர் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

"அப்படிக் கூப்பிட்டா தெரியாதும்மா" என்றாள் அக்கா மெல்ல. "முன்னால வந்து நில்லு. முகத்தைக் காட்டு. புருவத்தைத் தூக்கு. அவர் பாத்த அப்புறம் பேசு. இனிமே அப்படித்தான்."

அவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி அக்கா பிறகு யாரிடமும் பேசியதில்லை. மனைவி பெஞ்சைச் சுற்றிக்கொண்டு கணவரின் முன்னால் வந்து நின்றாள். புதிதாகச் செய்கிறவளின் கூச்சத்தோடு முகத்தை நிமிர்த்திப் புருவத்தைத் தூக்கினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முழங்காலின் மேல் இருந்த அவர் கட்டைவிரல், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு தடவை அமுக்கியது.